கிராபிக்ஸ் கார்ட்டின் மெய்க்கீர்த்தி

சோழர் கல்வெட்டுகளை வாசிக்கப் பழகுகிற எவருக்கும் முதலில் சொல்லித்தருவது, தொடக்கத்தில் வருகிற மெய்க்கீர்த்தியை அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதுதான். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவன் ஈழத்தை வென்றதாகச் சொல்லும். ஆனால் அவன் காலத்தில் சோழர் கைக்கு வந்தது தீவின் வடபகுதி மட்டும்தான். ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டது 1017 இல், மகன் இராசேந்திரன் காலத்தில். அதே கல்வெட்டில் கொஞ்சம் கீழே இறங்கினால் எவ்வளவு நிலம், எத்தனை கலம் நெல், விளக்கெரிக்க எத்தனை ஆடு எண்டு கணக்கு வரும். வரலாற்றாளர் கூட நம்புகிறது அந்தக் கணக்கைத்தான்.

நாங்கள் எழுத வந்தது கிராபிக்ஸ் கார்ட்டைப் பற்றி. சம்பந்தம் இருக்குது. கேம் விளையாடுகிற பெடியள் பெட்டையள் நாலு பேர் சேருகிற இடத்தில் "கார்ட் மாத்தவேணும், என்ன எடுக்கலாம்?" எண்ட கேள்வி வராமல் விடாது. பதிலும் எப்பவும் ஒரு இலக்கமாய்த்தான் வரும். 1650 எடு, 3050 எடு, 580 காணும். இலக்கம் கூடினால் கார்ட்டும் திறம் எண்டு ஒரு நம்பிக்கை. அந்த இலக்கம்தான் கார்ட்டின் மெய்க்கீர்த்தி, எழுதினது விற்கிறவன். அதுக்கும் உள்ளே இருக்கிற சாமானுக்கும் உள்ள தொடர்பு எப்படி அறுந்தது எண்ட கதை கிட்டத்தட்ட முப்பது வருசத்துக் கதை. ஒரு வருசமாய்ச் சேர்த்த காசை ஒரு பெட்டிக்குக் குடுக்க முதல் அதைத் தெரிஞ்சிருக்கிறது நல்லது.

1996 இல் த்ரீடிஎஃப்எக்ஸ் எண்ட அமெரிக்கக் கம்பனி வூடூ கார்ட்டை வெளியிட்டபோது தெரிவு மிகச் சுலபமாய் இருந்தது. வூடூவுக்கு முப்பரிமாணம் மட்டும்தான் தெரியும். சாதாரணத் திரைக்கு ஏற்கெனவே இருக்கிற கார்ட்டைக் கழற்றாமல் வைச்சுக்கொண்டு, இரண்டையும் பின்பக்கத்தால் ஒரு கேபிள் போட்டுத் தொடுக்கவேணும். நினைவகம் 4 எம்.பி. அடுத்த வருசத் தொடக்கத்தில் குவேக் விளையாட்டின் ஓப்பன்ஜிஎல் பதிப்பு வந்தது. வூடூ வைச்சிருந்தவன் கண்ட குவேக்கும் இல்லாதவன் கண்ட குவேக்கும் இரண்டு வேறு விளையாட்டு மாதிரி இருந்தன. இருக்கா இல்லையா எண்டதுதான் அப்போதைய கேள்வி. எது எண்ட கேள்வி பிறகுதான் வந்தது.

அந்தக் கம்பனி நாலே வருசத்தில் முடிஞ்சுபோச்சு. 2000 டிசம்பரில் தன்னுடைய சொத்துகளைப் போட்டியாளரான என்விடியாவுக்கு விற்க ஒத்துக்கொண்டது. அந்த வருசம்தான் வெளிவந்த வூடூ 5 ஐக் காசு குடுத்து வாங்கினவர்களுக்கு அதோடு புது டிரைவரும் இல்லை. கார்ட் பழுதாகவில்லை, விசிறி சுத்திக்கொண்டுதான் இருந்தது. பின்னால் வந்த விளையாட்டுகள்தான் அதோடு சேராமல் போயின. இதை நினைவில் வைத்திருங்கோ, கடைசியில் திரும்ப வருவோம்.

1999 இல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256 ஐ விட்டது. உலகின் முதல் ஜி.பி.யு. எண்டு அதை விளம்பரப்படுத்தியதால் ஜி.பி.யு. எண்ட சொல்லே எல்லார் வாயிலும் வந்தது. பெயரில் இருக்கிற 256 ஐப் பாருங்கோ. சிப்பின் உள்ளே படம் வரைகிற பகுதிக்கு அவர்கள் போட்ட கணக்கு அது. நினைவகத்தோடு பேசுகிற பாதையின் அகலம் 128 பிட்தான். போதாததுக்கு, அதே பெயரில் இரண்டு கார்ட் வந்தன. முதலில் வந்ததில் பழைய வகை எஸ்.டி.ஆர். நினைவகம், பின்னால் வந்ததில் டி.டி.ஆர். நினைவகம். முந்தினது செக்கனுக்கு ஏறக்குறைய 2.7 ஜி.பி. அள்ளும், பிந்தினது 4.8 ஜி.பி. ஒரே பெயருக்குள் இரண்டு சாமான் வைக்கிற பழக்கம் இப்படி ஆரம்பத்திலேயே இருந்தது. ஆனாலும் அது சின்ன விளையாட்டு. பெரிய விளையாட்டு 2002 இல்தான்.

2001 இல் வந்த ஜீஃபோர்ஸ் 3 இல் ஒரு உண்மையான புதுமை இருந்தது. அதுவரைக்கும் கார்ட்டுக்குள் என்னென்ன வேலை நடக்கும் எண்டதைச் செய்கிறவர்களே தீர்மானித்து அடைச்சு வைச்சார்கள். ஜீஃபோர்ஸ் 3 இலிருந்து விளையாட்டை எழுதுகிறவர், தண்ணி எப்படி மினுங்கவேணும், தோல் எப்படி ஒளியை வாங்கவேணும் எண்டு சின்னச் சின்ன நிரலாக எழுதி அனுப்பலாம். ஷேடர் எண்டு சொல்கிறது அதைத்தான். 2002 பெப்ரவரியில் ஜீஃபோர்ஸ் 4 எண்ட பெயரில் இரண்டு குடும்பங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று டிஐ, மற்றது எம்எக்ஸ். டிஐ உண்மையாகவே 3 இன் அடுத்த படி. எம்எக்ஸ் பழைய ஜீஃபோர்ஸ் 2 வழிவந்தது. நிரல் எழுதக்கூடிய அந்த ஷேடர்கள் அதில் இல்லை. அதாவது 3 செய்கிறதை 4 செய்யாது. எம்எக்ஸ் மலிவு எண்டதால் நல்லாய் விற்றது. விளையாட்டு எழுதுகிறவர்கள் அப்போதே பகிரங்கமாகக் குறைசொன்னார்கள், ஏனெண்டால் கனபேரிடம் இருக்கிற ஒரு கார்ட்டுக்காக அவர்கள் பழைய மாதிரியே எழுதவேண்டியிருந்தது. 2003 இல் வந்த டியூஸ் எக்ஸ்: இன்விசிபிள் வோர் போன்ற விளையாட்டுகள் ஷேடரைக் கட்டாயமாக்கியபோது, ஒரு வருசத்துக்கு முதல் "புது 4" வாங்கினவர் வெளியில் நின்றார். 3 வாங்கினவர் உள்ளே விளையாடினார்.

அதுக்குப் பிறகு இது வழமையாகிவிட்டது. 2007 கடைசியில் 8800 ஜி.டி.எஸ். 512 எண்டு வந்த சிப், 2008 இல் 9800 ஜி.டி.எக்ஸ். ஆனது, 2009 இல் ஜி.டி.எஸ். 250 ஆனது. மூன்றிலும் அதே 128 கணிப்பு அலகுகள். மூன்று தலைமுறை முன்னேறினது பெயர்தான். மற்றக் கம்பனி சுத்தம் எண்டு நினைக்கவேண்டாம். ஏ.எம்.டி. 2013 இல் தன் எச்.டி. 7970 ஐ ஆர்9 280எக்ஸ் ஆக்கியது, 2016 இன் ஆர்.எக்ஸ். 480 ஐக் கொஞ்சம் வேகம் கூட்டி 2017 இல் 580 ஆக்கியது. எங்கட சந்தையில் இப்பவும் ஓடித்திரிகிற அந்த 580 இலும் இரண்டு வகை உண்டு. முழு 580 இல் 2304 அலகுகள். 2018 இல் சீனச் சந்தைக்கென்று வந்த 580 இல் 2048, அதாவது 570 இன் அளவு. ஒன்லைனில் மலிவாய்த் தெரிகிற 580 பல இரண்டாவது வகை.

இதெல்லாம் சுத்த ஏமாத்து எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது பாதிதான். ஒரு சிலிக்கன் தட்டில் வெட்டியெடுக்கிற சிப்புகள் எல்லாம் முழுசாக வருவதில்லை. சிலதில் ஒரு மூலை வேலை செய்யாது. அந்த மூலையை அணைச்சுவிட்டு மலிவாய் விற்பது வீணாக்காத நல்ல பழக்கம்தான். அதனால்தான் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வாங்கக்கூடிய கார்ட்டே இருக்குது. பிழை, அதுக்கு வேறு பெயர் வைக்காததில்தான். 2016 இன் ஜி.டி.எக்ஸ். 1060 நல்ல உதாரணம். 6 ஜி.பி. வகையில் 1280 அலகு, 3 ஜி.பி. வகையில் 1152. பெட்டியைப் பார்க்கிறவர் நினைவகம் மட்டும்தான் குறைவு எண்டு நினைப்பார். அதை 1050 க்கும் 1060 க்கும் நடுவில் ஒரு இலக்கம் வைத்து விற்றிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஜி.டி.எக்ஸ். 970 இன் கதை கொஞ்சம் மோசம். 2014 இல் 4 ஜி.பி. எண்டு விற்றார்கள். 2015 தொடக்கத்தில், அந்த 4 இல் கடைசி அரை ஜி.பி. மிகவும் மெதுவான தனிப் பகுதி எண்டது வெளியில் வந்தது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2016 இல் வாங்கினவர் ஒருவருக்கு 30 டொலர் எண்டு இணக்கம் வந்தது. ஆனால் எங்களைக் கேட்டால், கேவலத்தில் முதலிடம் ஜி.டி. 1030 க்குத்தான். 2017 இல் வந்த 1030 செக்கனுக்கு 48 ஜி.பி. அள்ளுகிற ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. அடுத்த வருசம் அதே பெயரில், சாதாரண டிடிஆர்4 போட்ட ஒன்று வந்தது: 16.8 ஜி.பி. மூன்றில் ஒரு பங்கு வேகம், ஒரே பெயர். ஆகக் குறைஞ்ச விலைக்கு வாங்கப் போகிறவர், அதாவது பிழைவிட்டால் திரும்ப வாங்க வழியில்லாதவர், அவரிடம்தான் இந்த விளையாட்டைக் காட்டினார்கள்.

ஒரே ஒரு தரம் பெயர் பின்வாங்கினது. 2022 செப்டெம்பரில் ஆர்.டி.எக்ஸ். 4080 எண்டு 16 ஜி.பி., 12 ஜி.பி. இரண்டை அறிவித்தார்கள். ஒன்றில் 9728 அலகு, மற்றதில் 7680. ஆட்கள் போட்ட சத்தத்தில் ஒக்டோபரில் 12 ஜி.பி. வகையை மீளப்பெற்றார்கள். 2023 ஜனவரியில் அதே சாமான் 4070 டிஐ எண்ட பெயரில், 100 டொலர் குறைவாய் வந்தது. ஒரு பெயரின் விலை 100 டொலர் எண்டு அண்டைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுது.

அதே 2022 இல் இங்கே என்ன நடந்தது எண்டு சொல்லத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ஐத் தொட்டது. ஆர்.டி.எக்ஸ். 3060 ஐ எடுங்கோ, அறிவித்த விலை 329 டொலர். வரி, இலாபம் ஒன்றும் சேர்க்காமல் வெறும் பெருக்கலில் 66,000 ரூபாயிலிருந்து 118,000 ரூபாய்க்கு ஏறுகிறது, கார்ட்டில் ஒரு திருகாணிகூட மாறாமல். அந்த விலைக்கும் அப்போது வெளியில் கிடைக்கவில்லை; கிரிப்டோ தோண்டுகிறவர்கள் கார்ட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். செப்டெம்பர் 15 இல் எதேரியம் தன்னுடைய முறையை மாற்றி, கார்ட் வைத்துத் தோண்டுகிற வேலையை இல்லாமல் செய்ததோடு, தோண்டித் தேய்ந்த கார்ட்டுகள் உலகம் முழுக்க சந்தைக்கு வந்து குவிஞ்சன.

புதுசு வாங்க ஏலாமல் போனதால் பாவிச்ச கார்ட்டுகள்தான் எங்கட பக்கம் மேம்படுத்தலின் வழியாயின. இரண்டு மூன்று கை மாறி வருகிற கார்ட்டில் பெட்டி இருக்காது, பற்றுச்சீட்டு இருக்காது. மிஞ்சுகிறது அந்த இலக்கம் மட்டும். சிலவேளை அதுவும் பொய். 2010, 2011 காலத்து ஜி.டி.எஸ். 450, 550 டிஐ சிப்புகளில் பயோஸை மாத்தி எழுதி 1050 டிஐ எண்டு விற்கிற கூட்டம் ஒன்று இருந்தது. விண்டோஸும் அந்தப் பொய்யை நம்பி அப்படியே காட்டும். ஜிபியு-இசட் எண்ட இலவச மென்பொருள் 2018 இலிருந்து இப்படியான போலிகளை அடையாளம் காட்டுகிறது. தோண்டுவதற்கென்றே செய்த பி106 மாதிரிக் கார்ட்டுகளும் உண்டு, 1060 இன் சிப்தான், ஆனால் மொனிட்டர் கேபிளைச் செருகுகிற வாயே கிடையாது.

அப்ப கல்வெட்டின் கீழ்ப்பகுதியை வாசிக்கிறது எப்படி? கணக்கு கஷ்டமில்லை. நினைவகப் பாதையின் பிட் அகலத்தை 8 ஆல் பிரித்து, நினைவகத்தின் வேகத்தால் பெருக்கினால் செக்கனுக்கு எத்தனை ஜி.பி. எண்டு வரும். ஜி.டி.எக்ஸ். 1650 இல் 128 பிட். ஜிடிடிஆர்5 போட்டது 8 வேகத்தில் ஓடும்: 128 ஜி.பி. ஜிடிடிஆர்6 போட்டது 12 இல் ஓடும்: 192 ஜி.பி. இரண்டுக்கும் பெயர் 1650 தான், இரண்டிலும் 896 அலகுதான். விலை கிட்டத்தட்ட ஒன்றெண்டால் எதை எடுப்பது எண்டு இனி நீங்களே சொல்லுவீர்கள்.

பிறகு உங்கட கணினியைப் பாருங்கோ. இங்கே கனபேரிடம் இருக்கிறது வெளிநாட்டு ஒஃபிஸ்களில் பாவிச்சுக் கழிச்சு, இங்கு வந்த டெல், எச்.பி. பெட்டிகள். நாலாம் தலைமுறை ஐ5, 250 வோற் அளவில் ஒரு பவர் சப்ளை, கார்ட்டுக்குத் தனி மின் கேபிள் இல்லை. மதர்போர்ட்டின் துவாரம் தரக்கூடியது 75 வோற் மட்டும். 580 க்கு 185 வோற் வேணும். விலை எவ்வளவு நல்லாய் இருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் அது போகாது. 2022 இன் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. புதுசு, இலக்கமும் பெரிசு. ஆனால் அது மதர்போர்ட்டோடு பேசுகிறது நாலே பாதையால். பழைய போர்ட்டில் அந்த நாலும் பாதி வேகம், 4 ஜி.பி. நிரம்பினவுடன் விளையாட்டு இழுபடும். விளையாடுகிறதைப் பதிவுசெய்ய உதவுகிற என்கோடரும் அதில் இல்லை, 2016 இன் 480 இல் இருந்தது.

டிரைவரையும் பாருங்கோ, வூடூ 5 இன் கதை ஞாபகம் இருந்தால். ஏ.எம்.டி. 2023 இலேயே 480, 580 குடும்பத்தைத் தன் பிரதான டிரைவரிலிருந்து பிரித்துவிட்டது. 1050 டிஐ, 1060 எல்லாம் சேர்ந்த தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 ஒக்டோபரோடு சரி, அதுக்குப் பிறகு 2028 வரைக்கும் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் எண்டு என்விடியா அறிவித்தது. பழைய விளையாட்டுகள் ஓடும். வாலரன்ட், டோட்டா போதுமெண்டால் மலிவாய் ஒரு 1050 டிஐ எடுத்துவிட்டு நிம்மதியாய் இருக்கலாம். அடுத்த வருசம் வரப்போகிற விளையாட்டுக்காக எடுக்கிறதெண்டால் அந்தக் காசை அதில் போடாதீங்கோ.

கடைசியாய் ஒரு வேடிக்கை. ஆர்.டி.எக்ஸ். 3050 எண்ட பெயரிலும் இரண்டு கார்ட். 2022 இன் 8 ஜி.பி. வகையில் 2560 அலகு, 128 பிட், 130 வோற். 2024 இல் வந்த 6 ஜி.பி. வகையில் 2304 அலகு, 96 பிட், 70 வோற். மேலே திட்டின அதே வேலையைத்தான் திரும்பவும் செய்திருக்கினம். ஆனால் 70 வோற் எண்டதால் அதுக்குத் தனி மின் கேபிள் தேவையில்லை. டிரைவரும் இன்னும் வருகிற தலைமுறை. அந்த ஒஃபிஸ் பெட்டி வைத்திருக்கிறவருக்குப் பவர் சப்ளையும் கேஸும் மாத்தாமல் போடக்கூடியவற்றில் நாங்கள் முதலில் காட்டுகிறது, பெயரில் ஏமாத்துகிற இந்த 6 ஜி.பி. 3050 ஐத்தான். உயரம் குறைஞ்ச ஒடுக்கமான பெட்டியெண்டால் அரை உயர வகை கேட்டு வாங்கவேணும். பாவிச்சதாய் எடுத்தால், காசு குடுக்க முதல் கணினியில் போட்டு ஜிபியு-இசட்டைத் திறந்து அலகும் பிட்டும் நினைவக வகையும் பொருந்துதா எண்டு பாருங்கோ. விற்கிறவர் "நம்பர் ஒட்டியிருக்குத்தானே, பிறகென்ன?" எண்டு கேட்டால், திறக்கும்வரைக்கும் காசைக் கையில் வைச்சிருங்கோ.