மறுகா, பேந்து, அப்புறம்: ஆரையம்பதியில் கதைக்கும் தமிழ்

“மறுகா வாறன்” என்று மட்டக்களப்பில் ஒருவர் சொன்னால், பிறகு வருகிறேன் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் அது “பேந்து வாறன்”. தமிழ்நாட்டில் “அப்புறம் வர்றேன்”. மூன்றும் தமிழ்தான், முதற் சொல்லிலேயே ஊர் தெரிந்துவிடும்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஆரையம்பதி. பழைய பெயர் ஆரைப்பற்றை. ஆரை என்பது நீரோரம் வளரும் நாலிலைக் கீரை; பற்றை என்றால் புதர். ஊர்ப் பெயரிலேயே ஒரு வட்டாரச் சொல் இருக்கிறது.

இந்தத் தமிழைக் கொச்சை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் பேச்சுத் தமிழ்களுள் இலக்கிய வழக்குக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழே என்று எழுதியவர் செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில். புழக்கத்திலுள்ள சில சொற்களைப் பார்ப்போம்.

கிறுகு: திரும்பு. “இடப்பக்கம் கிறுகுங்க” என்று வழி சொல்வார்கள்.

எழுவான்கரை, படுவான்கரை: வாவியின் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும். ஞாயிறு எழும் பக்கம் எழுவான். படும் பக்கம் படுவான். ஆரையம்பதி எழுவான்கரையில் உள்ளது.

வட்டை: வயல்வெளி. அங்கு நீர்ப் பங்கீட்டைக் கவனிப்பவர் வட்டை விதானை.

கா: நெருக்கமானவரை விளிக்கும் ஒட்டு. “என்னகா?”, “ஓம்கா”.

மனே: ‘மகனே’ என்பதன் சுருக்கம். பிள்ளைகளைப் பாசமாக அழைப்பது.

பாதை: வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. மட்டக்களப்புக்கு வெளியேயும் இலங்கையில் வழங்கும் சொல். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை படுவான்கரைக்குப் போனது பாதையில்தான்.

இந்தக் கடைசிச் சொல் செய்தி எழுதும் எனக்கு முக்கியமானது. 2021 நவம்பர் 23 அன்று திருகோணமலை மாவட்டம் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். தெருவைப் ‘பாதை’ என்று மட்டும் அறிந்த வெளியூர் வாசகருக்கு, “பாதை கவிழ்ந்தது” என்ற தலைப்பு எதையும் சொல்லாது. அதற்காகச் சொல்லை மாற்றத் தேவையில்லை. ஒரு வரி விளக்கம் போதும்.

மேற்கோளில் வரும் ‘மறுகா’வைப் ‘பிறகு’ என்று திருத்துவது வேறு விடயம். கருத்து அப்படியே இருக்கும். ஆனால் பேசியவரின் ஊர் அழிந்துவிடும். பொதுத்தமிழில் மட்டும் அச்சாகும் செய்திகளைப் படித்து வளரும் பிள்ளை, வீட்டில் அம்மம்மா கதைப்பது பிழை என்று நம்பத் தொடங்கும்.

உறவுச் சொற்களில் அயலூர்களும் வேறுபடும். ஆரையம்பதியில் அண்ணன், அக்கா. காத்தான்குடியில் காக்கா, ராத்தா. ஆனால் ‘மறுகா’ இரண்டு ஊருக்கும் பொது. போர்க்காலத்தில் இரு சமூகங்களுக்கும் இடையே நம்பிக்கை உடைந்தபோதும் அந்தச் சொல்லை எவரும் பிரித்துக்கொள்ளவில்லை.

வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. அதற்குப் பின் போரும் சுனாமியும் இடப்பெயர்வும் ஊர்களைக் கலைத்துப் போட்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அவர்கள் சொல்லும் சொற்களை ஊர், பொருள், சொன்ன வாக்கியம் மூன்றோடும் எழுதி வையுங்கள். மறுகா என்று தள்ளிப்போட வேண்டாம்.