கருப்பட்டி

கருப்பட்டி, பனையின் பாளையிலிருந்து வடியும் பதநீரைக் காய்ச்சி இறுக்கிச் செய்யும் இனிப்புக் கட்டி. பனைவெல்லம் என்றும், யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி என்றும் வழங்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, இராமநாதபுரம் மாவட்டங்களும் இலங்கையின் வடபகுதியும் இதற்குப் பேர்போனவை. வெள்ளைச் சீனிக்கு மாற்று என்ற பெயரில் இப்போது நகரக் கடைகளில் விற்கிறது. மேற்சொன்ன ஊர்களைப் பொறுத்தவரை, சீனிதான் இதற்கு மாற்றாகப் பிற்பாடு வந்து சேர்ந்தது.

மரமும் பதநீரும்

புறத்தே வைரம் பாய்ந்தவை புல், அகத்தே வைரம் பாய்ந்தவை மரம் என்பது தொல்காப்பிய மரபியலின் பகுப்பு. அதன்படி பனை புல்லினத்தைச் சேரும். இன்றைய தாவரவியலிலும் புல்லும் பனையும் ஒருவித்திலைத் தாவரங்களே. பனையில் ஆண், பெண் தனித்தனி மரங்கள். ஆணை அலகுப்பனை என்றும் பெண்ணைப் பருவப்பனை என்றும் பனையேறிகள் சொல்வர். இரண்டிலும் பதநீர் இறங்கும். தை, மாசியில் பாளை விடத் தொடங்கியதும் அதைக் கடிப்பு என்னும் இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவர். ஆடிவாக்கில் பருவம் ஓயும். அதுவரை பனையேறி காலையும் மாலையும் மரமேறியாக வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டாலும் பாளையின் வாய் அடைபட்டு ஊறல் குறைந்துவிடும்.

பதநீரையும் கள்ளையும் வேறாக்குவது கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு. அது இல்லாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்டுகள் சாற்றின் சர்க்கரையைச் சில மணி நேரத்திலேயே புளிக்க வைத்துவிடும். சுண்ணாம்பின் காரம் அதைத் தடுக்கிறது. சுக்ரோஸ் உடையாமலும் காக்கிறது. சாறு புளித்துப்போனால் எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாகாது, பாகாகவே நிற்கும். சுண்ணாம்பு மிகுந்தாலோ கட்டியில் காரல் தட்டும். தடவும் அளவு கைப்பழக்கத்தில் வருவது.

காய்ச்சுதல்

காட்டுக்குள் விடிலி என்னும் ஓலைக் குடிசையில் பெண்கள்தாம் பெரும்பாலும் காய்ச்சுவர். எரிப்பதும் பனைதான்: காய்ந்த மட்டை, ஓலை, பன்னாடை. வடிகட்டிய பதநீர் அகன்ற பாத்திரத்தில் கொதிக்கும்போது நுரை பொங்கி விளிம்பைத் தொடும். அப்போது ஆமணக்கு வித்தைத் தட்டி ஒரு சிட்டிகை போட்டால் நுரை அடங்கிவிடும். நீர் சுண்டச் சுண்ட நிறம் தேனாகி, பிறகு கருஞ்சிவப்பாகும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் அறிவர். இறக்கிய பாகைத் துடுப்பால் கிண்டி, நனைத்த சிரட்டைகளில் ஊற்றுவர். கருப்பட்டி அரைக்கோள வடிவில் இருப்பது இதனால்தான். யாழ்ப்பாணத்தில் சிரட்டைக்குப் பதில் ஓலையில் முடைந்த சிறு குட்டானில் ஊற்றுவதால் பனங்கட்டி குட்டானோடே விலைபோகிறது. எட்டு முதல் பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கட்டி தேறும். மொத்த வியாபாரத்தில் பத்துக் கிலோ ஒரு சிப்பம்.

சுக்கு, மிளகு, ஏலம் சேர்த்துச் சிறு வில்லைகளாக ஊற்றினால் சில்லுக்கருப்பட்டி. பாகை இளம்பதத்தில் இறக்கி, நூல் கட்டிய பானையில் வாரக்கணக்கில் அசையாமல் விட்டால் பனங்கற்கண்டு விளையும்.

வரலாறு

அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூறு பேசுகிறது. பனையை யாரும் கொண்டுவந்ததாகப் பாட்டில்லை. சேரர் சூடியதே பனம்பூ. கும்பகோணம் அருணாசலம் பாடிய தால விலாசம் பனையின் பயன்களை 801 என்று எண்ணுகிறது. இடையன்குடியில் வாழ்ந்த மதபோதகர் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் திருநெல்வேலிச் சீமையின் பனையேறிகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய சமயத்தையும் சமூகத்தையும் பற்றி அவர் சொன்னவை அம்மக்களிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பின. மறு ஆண்டு பெர்குசன் என்பவர் பனைக்கென்றே ஒரு நூலைக் கொழும்பில் வெளியிட்டார்.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியைச் சேர்ந்த சீனி ஆலை ஒன்று நடந்தது. அதற்குக் கரும்பு வேண்டியிருக்கவில்லை. சுற்றுவட்டாரத் தேரிக்காடுகளின் பனைகளே போதும். திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளை ஊர்களை இணைத்து அந்த ஆலைக்காகவே ஒரு சிறு ரயிலும் ஓடியது. கருப்பட்டிக்குப் பேர்போன ஊரே தன் பனைச் சாற்றை வெள்ளைச் சீனியாக்கி வெளியூருக்கு அனுப்பிய காலம் அது. 1940 அளவில் ரயில் நின்றது, தண்டவாளமும் போயிற்று.

காந்தியடிகள் 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் பனைவெல்லத்தைத் தன் தொழில்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. இராஜாஜி 1937இல் சேலத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. கள் இறக்கியவர்கள் பதநீருக்குத் திரும்ப, பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. மதுவிலக்கால் கருப்பட்டிக்கு நன்மையே விளைந்தது.

உணவில்

பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் விட்டுக் கிண்டும் உளுந்தங்களி, திருக்கார்த்திகைக்கு நெல்லைப் பகுதியில் அவிக்கும் ஓலைக்கொழுக்கட்டை, சுக்குக் காப்பி, சாத்தூர்ப் பக்கத்துக் கருப்பட்டி மிட்டாய் ஆகியவற்றில் சீனி போட்டால் சுவை தட்டையாகிவிடும். யாழ்ப்பாணத்தில் வெறுந்தேநீரை ஒரு மடக்கு குடித்து, கட்டியை ஒரு கடி கடிப்பர். கொதிக்கும் பாலில் நேரே போட்டால் பால் திரியும். தனியே கரைத்து வடிகட்டி, இறக்கிய பாலில் சேர்ப்பதே வழக்கம். மழைக்காலத்தில் கட்டி நீர்த்துக் கசியும் என்பதால் ஓலைக்கொட்டானில் வைத்து அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏற்றிவிடுவர்.

சீனியில் கிட்டத்தட்ட இல்லாத பொட்டாசியம், இரும்பு முதலிய தாதுக்கள் கருப்பட்டியில் ஓரளவு உண்டு. ஆனால் இதன் பெரும்பகுதியும் சுக்ரோஸ்தான். கிராமுக்குக் கிராம் கலோரியிலும் சீனிக்கு நெருங்கியே வரும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன, நாளின் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குள் என்ற சர்க்கரை வரம்பு இதற்கும் பொருந்தும். நீரிழிவுக்காரர்களுக்கு இதில் விலக்கில்லை. இனிப்பை மிஞ்சி மணமும் லேசான கரிப்பும் நிற்பதால் கொஞ்சத்திலேயே நாக்கு நிறைந்துவிடும். கருப்பட்டியின் மெய்யான நன்மை அதுவே.

இன்றைய நிலை

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஏறுவோர் குறைந்துவருகின்றனர். பதநீரில் மலிவான சீனியைக் கலந்து காய்ச்சுவது பெருகி, பருவம் முடிந்த மாதங்களிலும் கருப்பட்டி தட்டில்லாமல் கிடைக்கிறது. இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை ஏற்பட்டது. பின்வந்த உள்நாட்டுப் போரில் பெருந்தொகைப் பனைகள் அழிந்தன. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.