ஈப்புலியின் அளவுகோல்

சாரல் காலத்தில் குற்றாலம் செல்பவர்கள் அருவியில் குளித்துவிட்டு மங்குஸ்தான் வாங்கித் தின்பது வழக்கம். அடுத்த முறை, தோலை மொய்க்கும் ஈக்களை விரட்டாமல், விடுதிச் சுவரைச் சற்று நோக்குங்கள். வலை பின்னாமல், விட்டுவிட்டு நகர்ந்து, உங்களையே திரும்பிப் பார்க்கும் ஒரு சிறு சிலந்தி கண்ணில் படலாம். அதுதான் ஈப்புலி. ஈயைக் கண்டால் பதுங்கி நெருங்கும். இழை ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடும்.

ஈப்புலிகளில் 6,000க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ஹசாரியஸ் அடான்சோனி. ஆண் சுமார் 6 மி.மீ. நீளம், கரிய உடல், வயிற்றில் வெள்ளைப் பிறை. பெண் சற்றுப் பெரியது, பழுப்பு நிறம். மனிதனோடு சேர்ந்து வெப்ப நாடுகளெங்கும் பரவிய இது நம் நாட்டிலும் வாழ்கிறது.

இதன் வரலாறு ஒரு படையெடுப்பில் தொடங்குகிறது. 1798இல் நெப்போலியன் எகிப்துக்குச் சென்றபோது அறிஞர் குழுவொன்றையும் அழைத்துச் சென்றார். அக்குழுவில் இருந்த 21 வயது சாவிஞி அந்நாட்டுச் சிறு உயிர்களைச் சேகரித்து, வியக்கத்தக்க நுட்பத்துடன் படங்களாக்கினார். ஆனால் விளக்கம் எழுதுமுன் கண்நோய் அவரை முடக்கியது. வெளிச்சமே வேதனையாகி, 1851இல் இறக்கும்வரை நெடுங்காலம் இருளில் வாழ்ந்தார். அப்படங்களுக்கு 1826இல் விளக்கம் எழுதிப் பெயரிட்டவர் ஓடுவேன். நம் சிலந்தியும் அப்படித்தான் பெயர் பெற்றது.

பார்வை இழந்தவர் வரைந்த சிலந்தியின் பார்வையே பிற்காலத்தில் புதிராயிற்று! எட்டுக் கண்களில் முன்னுள்ள இரு பெரிய கண்களே கூர்மையானவை. ஆனால் அவற்றின் பார்வைப் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதில்லை. ஆகவே நம்மைப்போல இரு கண்களால் தூரத்தை அளக்க முடியாது. பிறகு எப்படிக் குறி தவறாமல் பாய்கிறது?

அக்கண்களின் விழித்திரை நான்கு அடுக்குகளால் ஆனது என்பதை மைக்கேல் லேண்ட் 1969இல் விளக்கினார். பச்சை ஒளி மிக ஆழமான அடுக்கில் தெளிவாகக் குவிகிறது. அதற்கு முன்னுள்ள அடுக்கும் பச்சையையே உணர்வது. ஆனால் அங்கே பிம்பம் மங்கலாகவே விழும். பொருள் நெருங்க நெருங்க, குவியும் இடம் பின்னே செல்லும், மங்கலும் கூடும். அம்மங்கலின் அளவே தூரத்தின் அளவு!

ஜப்பானில் நகாட்டாவும் தோழர்களும் இதை 2012இல் சோதித்தனர். பச்சை ஒளியில் சிலந்திகள் சரியாகப் பாய்ந்தன. சிவப்பு ஒளி, ஒளிவிலகல் குறைவாதலால், இன்னும் பின்னே குவியும், மங்கல் மிகும், இரை அருகில் இருப்பதாகத் தோன்றும். எதிர்பார்த்தபடியே, சிவப்பு ஒளியில் அவை இரையை எட்டாமல் முன்னதாகவே விழுந்தன.