சர்க்கரைத் தண்ணீரும் பனங்கலயமும்

நம் குடியிருப்பில் ஏழெட்டு பால்கனிகளில் இப்போது சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. தேன்சிட்டுக்காக மாட்டியதில் மரங்கொத்தியும் வந்து குடிக்கிறது, அதை எப்படி விரட்டுவது என்று சிலர் கேட்கிறார்கள். விரட்டுவதற்கு முன் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

இந்த பாட்டில் அமெரிக்கச் சரக்கு. ஓசனிச்சிட்டு எனப்படும் ஹம்மிங் பேர்டுக்காக 1950 வாக்கில் அங்கே கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்பது கணக்கு. அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நம் தேன்சிட்டு வேறு குடும்பம். அங்கேயும் மரங்கொத்திகள் பாட்டிலைத் தேடி வருகின்றன. ஆனால் விருந்து வைப்பதில் அவைதான் மூத்தவை. ஒருவகை மரங்கொத்தி மரப்பட்டையில் வரிசையாகத் துளையிட்டு, ஊறும் சாற்றைக் குடிக்கும். பூக்கள் மலராத நாட்களில் ஓசனிச்சிட்டு அந்தத் துளைகளில்தான் பசியாறும்.

நம் சீமையில் அந்த வேலையைப் பனை செய்தது. இடையன்குடியில் வாழ்ந்து, 1881இல் திருநெல்வேலி வரலாறு எழுதிய கால்டுவெல் காலத்தில், தேரிக்காட்டு ஊர்களின் பிழைப்பே பனைதான். பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். அந்தக் கலயத்தைத் தேடி அணிலும் வௌவாலும் பறவைகளும் வருவது பனையேறிகள் அறிந்த சங்கதி. வங்காளத்தில் ஈச்சஞ்சாறு இறக்கும்போது பொன்முதுகு மரங்கொத்தி வந்து குடிப்பதைப் பலர் படம் எடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலும் உள்ள பறவைதான் அது. எறும்பும் புழுவும் அதன் சாப்பாடு; பூந்தேனும் மரச்சாறும் இடைப்பலகாரம்.

பனையேறும் ஆட்கள் குறைந்தார்கள். செங்கல் சூளைக்கும் வீட்டுமனைக்கும் மரங்கள் போயின. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று தமிழக அரசு அறிவித்தது 2021இல்தான்.

இனி நம் விஷயம். நெல்லை வெயிலில் சர்க்கரைத் தண்ணீரும் கள்ளைப் போலவே புளிக்கும். பாட்டில் வைப்பவர்கள் தினமும் கழுவி மாற்றுங்கள்; முடியாதவர்கள் கழற்றிவிட்டு, செம்பருத்தித் தொட்டி வைக்கலாம். தேன்சிட்டு தானாக வரும்.

மரங்கொத்திக்கு வேண்டியது வேறு. அது பெரும்பாலும் பட்டமரத்தில்தான் பொந்து குடையும். அது விட்டுப்போன பொந்தில் மைனாவும் குண்டுக்கரிச்சானும் குடியேறும். மேற்குச் சுவரோரம் நிற்கும் மொட்டைத் தென்னையை வெட்டும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. அதில் மூன்று பொந்துகள் இருக்கின்றன. கார் நிறுத்துமிடம் அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. மரம் உறுதியாக நிற்கிறதா என்று விவரம் தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பறவைக்குப் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டை இடிப்பது கணக்கில் நேராகாது.