ஐஸ்பெட்டிக்குள் ஓடும் வாயுவின் வரலாறு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வீட்டுச் சாமானின் வரலாறு. நாம் ஐஸ்பெட்டி என்று சொல்லும் குளிர்பதனப் பெட்டிதான் அது. ஐஸ்பெட்டிக்கும் வரலாறா என்று நீங்கள் கேட்கலாம். அரசர்களுக்கும் போர்களுக்கும் மட்டும்தான் வரலாறு உண்டு என்பதில்லை. நம் சமையலறையில் இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும் இந்தப் பெட்டிக்குள் ஒரு வாயு ஓடிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் அந்த வாயு பல முறை மாறியிருக்கிறது. அது மாறியபோதெல்லாம் வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்தும் மாறியது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், பெட்டி பழுதாகும்போது எதில் நாமே கை வைக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது என்பது நன்றாக விளங்கும்.

பெட்டி வருவதற்கு முன்பே ஐஸ் வந்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-ஆம் ஆண்டு அவருடைய ஐஸ் கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், அந்த ஐஸைச் சேமித்து வைப்பதற்காக 1842-இல் கட்டப்பட்டதுதான். சிங்கப்பூரிலும் வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே என்ற சீன வணிகர் 1854-இல் ஓர் ஐஸ் கிடங்கு கட்டினார். ஆனால் ஏரியிலிருந்து வந்த ஐஸ் பாதி வழியிலேயே கரைந்தது. வாங்கிச் சாப்பிட வசதியுள்ளவர்களுக்கே வசதிப்பட்டது.

ஐஸை இங்கேயே செய்ய முடியாதா? இந்தக் கேள்விக்கு விடை நம் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான். ஆஸ்திரேலியாவில் பத்திரிகை நடத்திய ஜேம்ஸ் ஹாரிசன், அச்செழுத்துகளை ஈதர் கொண்டு துடைக்கும்போது உலோகம் குளிர்வதைக் கவனித்தார். 1850-களில் அந்த ஈதரைக் கொண்டே ஐஸ் செய்யும் இயந்திரம் அமைத்தார். பின்னர் ஜெர்மனியில் கார்ல் லிண்டே 1870-களில் அம்மோனியா வாயுவைப் பயன்படுத்திப் பெரிய இயந்திரங்களை உருவாக்கினார்.

நம் வீட்டுப் பெட்டியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. பின்புறம் அடியில் கறுப்பு நிறத்தில் உருண்டையாக இருப்பது கம்ப்ரஸர். அது வாயுவை அழுத்திச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. வெளிப்புறக் குழாய்களில் அந்தச் சூடு காற்றில் கலந்துவிட, வாயு திரவமாகிறது. பிறகு அது மெல்லிய குழாய் ஒன்றின் வழியே உள்ளே புகுந்து மீண்டும் ஆவியாகிறது. ஆவியாகும்போது நம் மீனிலிருந்தும் காய்கறியிலிருந்தும் சூட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. பிறகு மறுபடியும் கம்ப்ரஸருக்குப் போகிறது. இது மூடிய வட்டம். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாயு அடுப்புக் கேஸைப்போல் எரிந்து தீர்ந்துபோவதில்லை.

1920-களில் ஐஸ்பெட்டி அமெரிக்க வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஓடியவை அம்மோனியா, சல்பர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு என்ற மூன்று வாயுக்கள். மூன்றுமே நஞ்சு. முதல் இரண்டுக்கும் மூக்கைத் துளைக்கும் நெடி உண்டு. கசிந்தால் தூங்குகிறவர்கள்கூட இருமிக்கொண்டு எழுந்து ஓடிவிடுவார்கள். மெத்தில் குளோரைடுக்கோ சொல்லத்தக்க வாசனை கிடையாது. 1928, 1929 ஆண்டுகளில் சிக்காகோ நகரத்து அடுக்குமாடி வீடுகளில் அது கசிந்து பலர் உயிரிழந்தார்கள். நெடியுள்ள நஞ்சைவிட நெடியில்லாத நஞ்சே கொடியது என்பதை உலகம் அப்போது கண்டது.

பெர்லின் நகரில் ஒரு குடும்பம் இப்படி வாயு கசிந்து மாண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்து, மாமேதை ஐன்ஸ்டீன் மனம் வருந்தினார் என்று சொல்வார்கள். அவரும் லியோ சிலார்டு என்ற இளம் விஞ்ஞானியும் சேர்ந்து, தேய்ந்து கசியக்கூடிய உறுப்புகளே இல்லாத ஐஸ்பெட்டியை வடிவமைத்தார்கள். 1930-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார்கள். ஆனால் அந்தப் பெட்டி கடைக்கு வரவே இல்லை.

கம்ப்ரஸர் இல்லாத வேறொரு பெட்டி மட்டும் கடைக்கு வந்தது. 1922-இல் சுவீடன் நாட்டு மாணவர்களான பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். சிறு நெருப்பின் சூட்டினாலேயே அது குளிரும். மண்ணெண்ணெய் விளக்கு வைத்து ஓடும் பெட்டிகள் மின்சாரம் எட்டாத ஊர்களுக்கெல்லாம் போயின. நம் தோட்டங்களில் பல லயங்களுக்கு மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால் அதுவே பெரிது என்ற காலம் நெடுநாள் இருந்தது. நாள் முழுதும் மின்சாரம் வந்த பிறகுதான் ஐஸ்பெட்டி தொழிலாளர் வீட்டுக்குள் வந்தது.

இனி அடுத்த வாயுவுக்கு வருவோம். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் நஞ்சும் இல்லாத, தீயும் பிடிக்காத ஒரு வாயுவைத் தேடி 1928-இல் கண்டுபிடித்தார். 1930-இல் விஞ்ஞானிகள் கூடிய சபையில் அதைத் தம் மூச்சில் இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். மூச்சில் இழுத்தவர் சாகவில்லை, ஊதிய வாயு பற்றி எரியவும் இல்லை. ஃப்ரியான் என்று பெயர் பெற்ற அந்த வாயுவே ஆர்-12. அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகள் உலகத்து ஐஸ்பெட்டிகளில் அதுவே ஓடியது.

வீட்டுக்குள் தீங்கு செய்யாத அந்த வாயு வானத்தில் தீங்கு செய்தது. சூரியனின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அது அரிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதினார்கள். 1985-இல் தென்துருவத்தின் மேல் அந்தப் படலம் மிகவும் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டார்கள். 1987-இல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் 1989-இல் அதில் சேர்ந்தன. ஆர்-12 படிப்படியாக நின்றது. அதன் இடத்தில் ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலிமை கொண்டது.

ஆகவே மீண்டும் தேடல் தொடங்கியது. 1993-இல் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலை, கிரீன்பீஸ் இயக்கத்தின் முயற்சியால், ஐசோபியூட்டேன் என்ற வாயு ஓடும் பெட்டிகளை ஏராளமாகச் செய்யத் தொடங்கியது. இதன் குறி ஆர்-600ஏ. ஓசோனுக்கும் கேடில்லை, பூமியைச் சூடாக்குவதும் மிகக் குறைவு. இன்று கடையில் வாங்கும் புதிய வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் இதுவே இருக்கிறது. ஆனால் இது நம் அடுப்புக் கேஸின் உறவுக்கார வாயு. தீப்பிடிக்கும்.

பயப்பட வேண்டாம். அடுப்புக் கேஸ் உருளையில் 14 கிலோ இருக்கிறது. வீட்டுப் பெட்டியில் ஐசோபியூட்டேன் 150 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக விதி. பெரும்பாலான பெட்டிகளில் 100 கிராம்கூட இராது. குழாய் முழுதாக இருக்கும்வரை ஒரு துளியும் வெளியே வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அடுப்புக் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அதில் நாற்றம் கலக்கிறார்கள். ஐஸ்பெட்டி வாயுவில் அப்படிக் கலப்பதில்லை. சிக்காகோவின் பழைய பாடம் இங்கே திரும்பவும் வருகிறது. கசிந்தால் மூக்கு சொல்லாது.

இப்போது இந்த வரலாற்றை நம் சமையலறைக்குக் கொண்டுவருவோம்.

முதலாவது, தாய்மார்களே, ஐஸ் கட்டிப்போனால் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்தாதீர்கள். ஒரு கதவுள்ள சிறிய பெட்டிகளில் ஐஸ் பிடிக்கும் தகட்டுக்குள்ளேயே வாயுக் குழாய் ஓடுகிறது. ஒரு குத்தில் ஓட்டை விழுந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்தால் போதும். ஐஸ் தானே கரையும். தப்பித்தவறி ஓட்டை விழுந்து உஸ்ஸென்று சத்தம் கேட்டால், அடுப்பையும் சாமி விளக்கையும் அணையுங்கள். எந்தச் சுவிட்சையும் தட்டாமல் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும்.

இரண்டாவது, "கேஸ் முடிந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள். மூடிய வட்டத்தில் வாயு தானாக முடியாது. கசிவை அடைக்காமல் நிரப்புவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதைப்போன்றது. சில மாதங்களில் மறுபடியும் அவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பெட்டியின் பின்புறம் அல்லது உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். ஆர்-134ஏ என்றோ ஆர்-600ஏ என்றோ எழுதியிருக்கும். பழுது பார்க்க வருபவரிடம் அதைக் காட்டுங்கள். எந்த வாயுவுக்காகச் செய்த பெட்டியோ அந்த வாயுவைத்தான் நிரப்ப வேண்டும். ஆர்-600ஏ உள்ள குழாயில் வாயுவை முழுதும் வெளியேற்றாமல் நெருப்பு வைத்துப் பற்றவைக்கக்கூடாது. கசிவைச் சோதிக்க நைட்ரஜன் வாயுதான் ஏற்றது. ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றக்கூடாது. கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். தொழில் பழகும் நம் இளைஞர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, வாயு எத்தனை முறை மாறினாலும் மாறாத ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் மின்சாரம். லண்டன் நகரில் 2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டார்கள். நான்காவது மாடி வீடொன்றின் சமையலறையில், ஐஸ்பெட்டியில் ஏற்பட்ட மின்கோளாறில் அந்தத் தீ தொடங்கியது என்று விசாரணைக் குழு கண்டது. கட்டடத்தின் வெளிச்சுவரில் பதித்திருந்த எரியக்கூடிய தகடுகள் அதை மேலே மேலே கொண்டுபோயின. ஆகவே பெட்டிக்கென்று சுவரில் தனி பிளக் வேண்டும். ஒரே நீட்டு வயரில் ஐஸ்பெட்டி, அரிசிக் குக்கர், மின்விசிறி என்று எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிவிடாதீர்கள். ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று பெட்டியைத் தொடுகிறோம். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்றால் அன்றே பிளக்கைப் பிடுங்கி, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். மெயின் பெட்டியில் இருக்கும் இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மின்சாரம் நிற்க வேண்டும். வெள்ளத்தில் நனைந்த பெட்டியை, காய்ந்துவிட்டது என்று நினைத்து மாட்டாதீர்கள்.

ஐந்தாவது, நம் குழந்தைகளைப் பற்றியது. பழைய காலத்துப் பெட்டிகளின் கதவு வெளியே தாழ்ப்பாளோடு இருந்தது. கண்ணாமூச்சி விளையாடிய பிள்ளைகள் வீசியெறிந்த பெட்டிக்குள் ஒளிந்து, திறக்க முடியாமல் மூச்சடைத்து இறந்தார்கள். அமெரிக்காவில் இப்படிப் பல சாவுகள் நேர்ந்த பிறகு, உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று 1956-இல் சட்டம் வந்தது. இன்று கதவு ரப்பருக்குள் காந்தம் இருப்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். ஆனாலும் சின்னஞ்சிறு பிள்ளைக்குத் தள்ளும் பலம் இராது. வீட்டுக்குப் பின்னால் பழைய பெட்டியைப் போட்டு வைத்திருந்தால், இன்றைக்கே கதவைக் கழற்றிவிடுங்கள்.

அப்படியானால் நாமே செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்புறக் குழாய்களில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். சூடு வெளியேறச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கையளவு இடம் விடலாம். கதவு ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே தண்ணீர் தேங்கினால், பின்புறம் இருக்கும் வடிகால் துளையை வெதுவெதுப்பான நீர் ஊற்றிச் சுத்தம் செய்யலாம். மின்சாரம் நின்று வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். பெட்டி சரியாகக் குளிராததற்குப் பல நேரங்களில் தூசியும் ரப்பரும்தான் காரணம். அவற்றைப் பார்த்துவிட்டே மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வெள்ளி மிச்சமாகும்.

சுருக்கமாகச் சொன்னால், வெளியே இருப்பவை எல்லாம் நம் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைக்கலாம், கழுவலாம், நகர்த்தலாம். குழாயும் கம்ப்ரஸரும் கம்பிகளும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில உறுப்புகளில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மூடியைக் கழற்றும் ஆசை வேண்டாம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், உங்கள் பெட்டியில் என்ன வாயு ஓடுகிறது என்று அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். பிள்ளைகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆர்-12-இன் கதையையும் ஆர்-600ஏ-இன் கதையையும் அவர்களுக்குச் சொல்ல அதுவே நல்ல சமயம்.