குருத்தணுவிலிருந்து சிவப்பணுக்கள்: இரத்தம் ஏற்றிக்கொள்வோர் அறிய வேண்டியவை

கம்பம், சின்னமனூர், போடி பகுதிகளிலிருந்து தலசீமியா உள்ள குழந்தைகளை இரத்தம் ஏற்ற அழைத்து வரும் பெற்றோர் சிலர், கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, "ஆய்வகத்திலேயே இரத்தம் தயாரிக்கிறார்களாமே, எங்கள் பிள்ளைக்குக் கிடைக்காதா டாக்டர்?" என்று கேட்பதுண்டு. ஆய்வு உண்மையானது. ஆனால் அது இன்னும் சிகிச்சையாகவில்லை.

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு, உடலின் பிற அணுக்களாக மாறும் திறன் கொண்டது. மனிதக் கருவின் குருத்தணுக்களிலிருந்து சிவப்பணுக்களைப் பெருமளவில் வளர்க்க முடியும் என்று 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர். எனினும், அவ்வாறு வளர்பவை பெரும்பாலும் கருப்பருவ ஹீமோகுளோபினையே உருவாக்குகின்றன. முதிர்ந்த சிவப்பணுவில் இருக்கக் கூடாத உட்கருவும் பலவற்றில் நீங்குவதில்லை. எனவே, மனிதரிடம் நடைபெறும் சோதனைகள் வேறு வழியில் செல்கின்றன. பிரிட்டனில், கொடையாளர் அளித்த இரத்தத்திலிருந்து பிரித்த குருத்தணுக்களைக் கொண்டு வளர்த்த சிவப்பணுக்கள் தன்னார்வலர்களுக்கு ஏற்றப்பட்டதாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஏற்றிய அளவு ஓரிரு தேக்கரண்டி மட்டுமே. அதற்கே ஏறத்தாழ மூன்று வாரங்களும் 24 லிட்டர் ஊட்டக் கரைசலும் தேவைப்பட்டன. ஒரு யூனிட் இரத்தத்தில் சுமார் இரண்டு லட்சம் கோடி சிவப்பணுக்கள் உள்ளன என்பதை நினைத்துப் பாருங்கள். இம்முறை வெற்றி பெற்றால், பாம்பே வகை போன்ற அரிய இரத்தப் பிரிவினரே முதலில் பயனடையக்கூடும்.

ஆகவே, "குருத்தணு ஊசி போட்டால் இனி இரத்தம் ஏற்ற வேண்டியதில்லை" என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கு அன்றி, முறையான ஆய்வுக்கு வெளியே குருத்தணுவைச் சிகிச்சையாகப் பயன்படுத்தக் கூடாது. நிலத்தை அடகு வைத்து இத்தகைய ஊசிக்குச் செலவிடுவதைவிட வருந்தத்தக்கது, அதை நம்பி இரத்தம் ஏற்றுவதை நிறுத்துவது. ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே போனால் இதயம் பாதிக்கப்படும்.

குருத்தணுவால் தலசீமியாவைக் குணப்படுத்தும், நிலைநாட்டப்பட்ட வழி ஒன்று உண்டு. அது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இச்சிகிச்சை செய்யப்படுகிறது. உடன்பிறந்த ஒருவரின் திசுப் பொருத்தம் முழுமையாக அமைவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. சிறு வயதில் செய்தால் பலன் அதிகம் என்பதால், குழந்தை வளரட்டும் என்று காத்திராமல் இப்போதே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அதுவரை, குறித்த நாளில் இரத்தம் ஏற்றிக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்புச்சத்தை நீக்கும் மாத்திரையை, குழந்தை நன்றாக இருக்கிறதென்று விட்டுவிடாதீர்கள். தலசீமியா நோயாளிகளுக்கு அரசு இரத்த மையங்களில் இரத்தம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அந்த இரத்தத்தைக் கொடுப்பவர்கள் உங்களைப் போன்றோரே. 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, உடல்நலமுள்ள உறவினர்களில் ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்தம் அளிக்கலாம்.