கொள்ளைக்காரனை வலம் வந்தவள்

மலையுச்சி. கீழே கிடுகிடு பள்ளம். கட்டிய மனைவியைக் காற்று வாங்க அழைத்து வந்தவன், உன்னைக் கொல்லத்தான் அழைத்து வந்தேன் என்று கூறிவிட்டான். அவள் கதறவில்லை, கையெடுத்துக் கும்பிட்டு உயிர்ப்பிச்சை கேட்கவுமில்லை. சாகுமுன் கணவனை மும்முறை வலம் வந்து வணங்கிக்கொள்ள விடை கேட்கிறாள். அவனுக்குப் பூரிப்பு! கொல்லப்போகிறவனையே கும்பிடும் குலக்கொடி! நிமிர்ந்து நிற்கிறான், தெய்வம்போல். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாம் சுற்றில் அவள் முதுகுப்புறம் வருகிறாள். ஒரே தள்ளு. கல்லானாலும் கணவன் என்று கற்பித்தார்கள் அல்லவா? அந்தக் கல் உருண்டது.

கொட்டகையில் எழுந்த சிரிப்பும் திகைப்பும் கலந்த அந்தக் கட்டம், 1950 ஜூன் திங்களில் வெளிவந்த 'மந்திரி குமாரி' படத்தில் வருவது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். கதை வசனம் மு. கருணாநிதி. திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் அது. தமிழ் பேசத் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இப்படத்தைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப, சுந்தரமே முடித்தார். இருவர் பெயரும் படத்தில் உண்டு.

கொங்கு நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு தற்செயலன்று. எழுதியவர் ஈரோட்டில் 'குடிஅரசு' அலுவலகத்தில் பணியாற்றியவர். அங்கிருந்து கோவைக்கு வந்து, சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த 'ராஜகுமாரி' (1947) படத்தின் வசனத்தில் கை வைத்தவர். பிறகு சேலம். ஈரோடு, கோவை, சேலம் என்று ஒரு பேனா நடந்த வழி அது. ராஜா ராணிக் கதைகளையும் புராணங்களையும் காட்டிக் காசு பார்த்த கூடங்களுக்குள், ராஜா ராணிக் கதையையே வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இந்த வழியில்தான் நுழைந்தது.

கதையின் கரு புதிதன்று. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசியின் கரு அது. நாதகுத்தனார் இயற்றிய அந்தப் பௌத்த நூல் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. 19 பாடல்களே மிச்சம். அதை மறுக்கப் புறப்பட்ட சமண நூலாகிய நீலகேசியும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையும் இல்லாவிட்டால் தமிழில் இக்கதையின் தடமே நமக்குத் தெரிந்திருக்காது. எதிர்க்கட்சிக்காரன் எழுதிய மறுப்பில் ஒரு நூலின் கதை உயிர் பிழைத்திருக்கிறது! 1936இல் அ. சக்கரவர்த்தி அவ்வுரையை அச்சேற்றினார். ஊடலின்போது மனைவி விளையாட்டாகக் 'கள்வன்' என்று சொல்லிவிட, கணவன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு கொலைக்குத் திட்டமிட்டான் என்பது தமிழ் வழக்கு. உண்மையைச் சொன்னால் உடம்பெல்லாம் எரியும் என்பார்கள். அவன் கள்வன்தான், ஆனால் மனைவி சொல்லலாமா?

பாலி மொழியில் இக்கதை இன்னும் விரிவாக இருக்கிறது. தேரிகாதை உரையில் வரும் பத்திரை, இராசகிருகத்துச் செட்டியின் மகள். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கொள்ளைக்காரன் சத்துகனைச் சாளரத்தின் வழியே கண்டு காதல் கொள்கிறாள். தந்தை காவலனுக்குக் கையூட்டுக் கொடுத்து அவனை மீட்டு, நறுமண நீரில் குளிப்பாட்டி மகளிடம் சேர்க்கிறார். சில நாளிலேயே அவன் கண் அவள் நகைமேல் விழுகிறது. மலைத் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டேன், படையல் வைக்க வா, நகைகளை அணிந்துகொண்டு வா என்று அழைக்கிறான். பிறகு நடந்தது முன்னே சொன்னதுதான். ஒரே வேறுபாடு, வலம் வருவதற்குப் பதிலாக நாற்புறமும் தழுவிக்கொள்ள அவள் அனுமதி கேட்கிறாள்.

அந்தச் சத்துகன் யார் மகன் தெரியுமா? அரசனின் புரோகிதனுடைய மகன்!

இதை நம் இளைஞர்கள் அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். 'மந்திரி குமாரி'யின் கொள்ளைக்காரன் பார்த்திபன், ராஜகுருவின் மகன். ராஜகுருவைக் கொடியவனாகக் காட்டியது இயக்கத்தாரின் வேண்டாத வேலை, பழைய கதையில் பகையைப் புகுத்திவிட்டார்கள் என்று குறைப்படுவோர் உண்டு. புகுத்தவில்லை ஐயா! புரோகிதன் மகன் பாலி உரையிலேயே கொள்ளைக்காரனாகத்தான் நிற்கிறான். அந்த உரையாசிரியர் அப்பனைக் காப்பாற்ற ஒரு வழியும் செய்து வைத்திருக்கிறார்: பிள்ளை கொள்ளையர்க்குரிய நாண்மீனில் பிறந்துவிட்டானாம்! பிள்ளை கெட்டதற்கு விண்மீன் பொறுப்பு. திரைக்கதை அந்த விண்மீனைத் தூக்கி எறிந்தது. மகனுக்குத் தளபதிப் பதவி கிடைக்கவில்லை என்ற புகைச்சலும், அரசனைக் கைப்பொம்மையாக்கிய தந்தையின் ஆசையும்தான் அவனைக் கொள்ளைக்காரனாக்கின என்று மண்ணிலேயே காரணம் காட்டியது. எம்.என். நம்பியார் ராஜகுரு, எஸ்.ஏ. நடராஜன் பார்த்திபன். கொள்ளையடிப்பது ஒரு கலை என்று அவன் வாதாடும் காட்சியைக் கேட்டுச் சிரித்தவர்கள், சிரித்து முடிந்ததும் சற்றே நெளிந்திருப்பார்கள். ஊரில் எத்தனை கலைஞர்கள்!

படத்தின் மையம் இன்னொரு காட்சி. தளபதி வீரமோகன் (எம்.ஜி. ராமச்சந்திரன்) கொள்ளைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்து நிறுத்துகிறான். வழக்கை அம்மன் சந்நிதியில் தீர்த்துக்கொள்வோம் என்கிறார் ராஜகுரு. அம்மனும் வாய் திறக்கிறாள்! பார்த்திபன் குற்றமற்றவன் என்று தீர்ப்பளிக்கிறாள். பிடித்துக் கொடுத்தவன் நாடு கடத்தப்படுகிறான். சிலைக்குப் பின்னால் நின்று பேசியவள் மந்திரியின் மகள் அமுதவல்லி, கொள்ளைக்காரன்மேல் காதல் கொண்டவள். பாலிக் கதையில் காவலனுக்குக் கொடுத்த கையூட்டு செய்த வேலையை, தமிழ்ப் படத்தில் அம்மன் குரல் செய்தது. இரண்டு ஆண்டு கழித்துப் 'பராசக்தி'யில் (1952) சிலைக்குப் பின்னிருந்து குணசேகரன் பேசியபோது நாடே அதிர்ந்தது. ஆனால் அதற்கு முன்னரே ஒரு பெண் அங்கே நின்று பேசிவிட்டாள். குணசேகரன் பேசியது பூசாரியின் அக்கிரமத்தைக் கண்டிக்க. அமுதவல்லி பேசியது அயோக்கியனைக் காப்பாற்ற. என் கணிப்பில் இரண்டாவதே கூர்மையானது. தெய்வத்தின் பெயரால் நல்லவன் பேசினால் நாம் கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். கெட்டவனுக்காகப் பேசப்படும்போதுதான், அந்தக் குரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது புரிகிறது.

மலையுச்சிக் காட்சிக்கு முன் வரும் பாட்டையும் மறக்கக்கூடாது. ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. மனத்தை மயக்கும் காதல் பாட்டு, கொலைக்களத்துக்கு அழைப்பு! அதை இன்றும் இனிய காதல் பாட்டாகவே முணுமுணுப்போர் பலர். யார் யாரை எதற்கு அழைக்கிறார் என்பதை மறந்துவிட்டால் எல்லா அழைப்பும் இனிமைதான்.

இதுவரை மெச்சினோம். இனி ஒரு வழக்குண்டு. கணவனைத் தள்ளிவிட்ட அமுதவல்லி என்ன ஆகிறாள்? அரசவைக்கு ஓடி வருகிறாள். நடந்ததையெல்லாம், தன் கையால் கணவன் மாண்டதையும் சேர்த்து, ஒப்புக்கொள்கிறாள். வெறி கொண்ட ராஜகுரு எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கொன்றுவிடுகிறான். பிறகு அவனுக்குச் சிறை. தளபதிக்கு இளவரசி ஜீவரேகா.

ஏன் அவள் சாகவேண்டும்? தற்காப்புக்காகத் தள்ளியவள் அவள். பொய்த் தீர்ப்புக்குத் துணைபோன குற்றம் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு மரணமா? அந்தப் படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டுதான், 1949இல், சென்னை மாகாணம் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்து, மணமுறிவுக்கு வழி திறந்து சட்டம் செய்தது. சட்டப் புத்தகம் மனைவிக்கு வாயிலைத் திறந்துவிட்டது; திரைக்கதை அவளுக்குச் சாவைக் கொடுத்தது. கணவனைக் கொன்றவள் உயிரோடு வீடு திரும்புவதைக் கொட்டகை பொறுக்காது என்று எண்ணியிருக்கலாம். இருக்கட்டும். ராஜகுருவைச் சிறையில் தள்ளத் துணிந்த கதை, சிலைக்குப் பின்னால் மனிதக் குரலை வைக்கத் துணிந்த கதை, தாலி என்ற இடத்துக்கு வந்ததும் கால் தடுமாறுகிறதே!

பழையவர்களுக்கு இந்தத் தயக்கம் இருந்ததா பாருங்கள். பிரெஞ்சுக்காரர் பெரோ 1697இல் எழுதிய 'நீலத்தாடி' கதையில், மனைவியரைக் கொன்று குவித்தவனிடமிருந்து கடைசி மனைவியைக் காப்பவர்கள் அவள் அண்ணன்மார். தன் கையால் அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறாள், அவன் சொத்துக்கு உரிமையாளியாகிறாள், மறுமணமும் செய்துகொள்கிறாள். 419ஆம் சாதகக் கதையில் வரும் சுலசை ஒரு கணிகை. அவளும் ஒரு சத்துகனை மலையிலிருந்து தள்ளுகிறாள். கீழே காத்திருந்த பணியாளர், தலைவர் எங்கே என்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள் என்று சொல்லி வண்டியேறி நகருக்குப் போய்விடுகிறாள்! கண்ணீர் இல்லை, கழுவாய் இல்லை. மலையில் இருந்த தெய்வம்கூட, ஆண்தான் எப்போதும் அறிவாளி என்பதில்லை, பெண்ணும் அறிவுடையாளே என்று சான்றிதழ் தருகிறது. அந்தக் காலத்துத் தெய்வத்துக்கு இருந்த நெஞ்சுரம் நம் கொட்டகைக்கு இல்லாமற் போயிற்று.

பத்திரையின் பிற்கால வாழ்வோ படத்தில் அறவே இல்லை. அவள் வீடு திரும்பவில்லை. சமணத் துறவியரோடு சேர்ந்தாள். அவர்கள் அவள் கூந்தலைப் பிடுங்கினார்கள். அது மீண்டும் சுருள் சுருளாக வளர்ந்தது. அதனால் குண்டலகேசி என்று பெயர் வந்தது. வாதம் கற்றாள். ஊர் ஊராகச் சென்று, ஊர் வாயிலில் மணலைக் குவித்து, அதில் நாவல் கிளை ஒன்றை நட்டு வைப்பாள். என்னோடு வாதிட வல்லவர் இதை மிதித்துத் தள்ளலாம் என்பது பொருள். கணவனைத் தள்ளிய கை நட்ட கிளையை நெடுங்காலம் எவரும் தள்ளவில்லை. கடைசியில் சாரிபுத்தர் சிறுவர்களை விட்டு மிதிக்கச் செய்தார். அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னார். பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு அவளுக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று கூறி, கற்றுக்கொள்ளச் சென்றாள். தேரிகாதையில் அவள் பெயரால் பாடல்கள் நிற்கின்றன. அங்கம், மகதம், வஜ்ஜி, காசி, கோசலம் எனும் நாடுகளில் ஐம்பது ஆண்டுகள் நடந்து திரிந்ததை, அந்நாட்டுச் சோற்றைக் கடன்படாமல் உண்டதை அவளே அவற்றில் சொல்கிறாள். அமுதவல்லிக்கு மலையுச்சியிலிருந்து அரசவைக்கு ஓடி வரும் நேரமே கிடைத்தது.